சாரலும் உப்பளமும் ஒரே கட்டத்தில்

ஆனி மாதம் ஒரு நாள் காலையில் குற்றாலத்தில் இருந்தேன். சீசன் ஆரம்பித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. ஐந்தருவிப் பக்கம் ரோட்டோரக் கடையில் மங்குஸ்தான் பேரம் பேசிக்கொண்டு நின்றபோது, குடை பிடிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க விடாத ஒரு சாரல் விழுந்துகொண்டே இருந்தது. மலையில் பாதிக்கு மேல் தெரியவில்லை. மேகம் கீழே இறங்கி மரங்களுக்குள் புகுந்திருந்தது.

அங்கிருந்து தென்காசி, ஆலங்குளம், திருநெல்வேலி என்று கிழக்கே வந்து, மதியச் சாப்பாட்டுக்குத் தூத்துக்குடியில் பெரியப்பா வீடு. சாப்பிட்ட கையோடு என்னை உப்பளத்துக்குக் கூட்டிப்போனார். பாத்திகளில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். அம்பாரமாகக் குவித்திருந்த உப்பில் பட்டுத் திரும்பிய வெயிலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. மேற்கே, வெகு தூரத்தில், அடிவானத்தோடு ஒட்டினாற்போல் ஒரு சாம்பல் கோடு மட்டும் தெரிந்தது. காலையில் என்னை நனைத்த மேகக் கூட்டமாக இருக்கலாம்.

"ஏய், உலகத்துக்கே மழைக் கணக்குப் போடுற பொட்டியில நீ வேலை பாக்கேன்னு உங்கம்மா சொன்னாளே, அதுல நம்ம ஊருக்கு இன்னைக்கு என்ன போட்டிருக்கு?" என்றார் பெரியப்பா.

உண்மையைச் சொன்னேன். "அதுல உங்க ஊரும் குற்றாலமும் ஒண்ணுதான் பெரியப்பா."

படிக்க வைத்த காசு வீணாகிவிட்டதே என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. அவர் படிக்க மாட்டார், நீங்களாவது படியுங்கள்.

குற்றாலத்துக்கும் தூத்துக்குடிக்கும் நேர்கோட்டில் அளந்தால் சுமார் 95 கிலோமீட்டர். இந்த நூற்றாண்டின் கடைசியில் பூமி எவ்வளவு சூடாகும் என்று சொல்லும் காலநிலை மாடல்களில் (காற்று, கடல், மேகம் எல்லாவற்றையும் கணக்காக ஓட்டிப் பார்க்கும் கணினி நிரல்கள்) பெரும்பாலானவை பூமியைச் சுமார் 100 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கின்றன. கொஞ்சம் நகர்த்தி வைத்தால் சாரல், அருவி, காயத்தாற்றுக் காற்றாலைகள், உப்பளம் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் வந்துவிடும். கட்டத்துக்கு மேலே காற்று மண்டலத்தை முப்பதிலிருந்து தொண்ணூறு அடுக்குகள் வரை வெட்டி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு வெப்பநிலை, ஒரு ஈரப்பதம், ஒரு காற்று வேகம், மேகத்தில் உள்ள தண்ணீருக்கு ஒரு அளவு. அவ்வளவுதான். குற்றாலத்தில் 100 சதவீத ஈரம், தூத்துக்குடியில் 60 என்றால், மாடலின் நோட்டுப் புத்தகத்தில் 80 என்று ஒரே எண் எழுதியிருக்கும்.

இப்போது கேள்வி: 80 சதவீத ஈரப்பதத்தில் மேகம் உண்டா, கிடையாதா?

பாடப் புத்தகப்படி 100 வந்தால்தான் நீராவி துளியாகும். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் இந்தக் கட்டத்தில் மேகமே கிடையாது. குற்றாலத்தில் நனைந்தவர்கள் எல்லாம் பொய் சொல்கிறார்கள் என்று ஆகும். இந்தச் சிக்கல் ஆரம்பத்திலேயே தெரிந்ததுதான். ஜோசப் ஸ்மாகோரின்ஸ்கி என்ற வானிலை விஞ்ஞானி 1960-லேயே சராசரி ஈரப்பதத்தையும் மேகப் பரப்பையும் இணைத்து ஒரு வழி சொன்னார். பிறகு சுவீடனின் ஹில்டிங் சுந்த்குவிஸ்ட் கொடுத்த சூத்திரம் இன்றைக்கும் ஏதாவது ஒரு வடிவத்தில் பல மாடல்களுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதன்படி ஈரப்பதம் ஒரு வாசலைத் தாண்டினால் மேகம் தொடங்கும். வாசலை 80-ல் வைத்தால், 90 சதவீத ஈரத்தில் கட்டத்தின் 29 சதவீதத்தை மேகம் மூடும், 95-ல் சரிபாதி, 100-ல் முழுக்க.

இந்தச் சூத்திரத்தில் எனக்குப் பிடித்தது, அதற்குள் ஒளிந்திருக்கும் ஒப்புதல் வாக்குமூலம். வாசலை 80-ல் வைக்கிறேன் என்று சொல்லும்போதே, 'இந்தக் கட்டத்துக்குள் எல்லா இடமும் ஒன்று போல இல்லை, இவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கிறது' என்று ஒப்புக்கொண்டாயிற்று. ஏற்ற இறக்கமே இல்லாத கட்டத்துக்கு வாசல் 100. குற்றாலம்-தூத்துக்குடி மாதிரி ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பொட்டல் என்றால் வாசல் இன்னும் கீழே போக வேண்டும். ஆனால் நடைமுறையில் பசிபிக் கடலின் நடுவில் இருக்கும் கட்டத்துக்கும் நம்ம ஊருக்கும் பெரும்பாலும் ஒரே வாசல்தான். அந்த எண்ணை யாரும் வானத்தில் போய் அளந்து வந்ததில்லை. மொத்தப் பூமிக்கும் வரவு செலவுக் கணக்கு சரியாக வரும்வரை திருகிப் பார்த்து நிறுத்திய குமிழ் அது. எல்லோரும் திருகுகிறார்கள். ஒரு காலத்தில் அதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டார்கள். இப்போது எந்தக் குமிழை எவ்வளவு திருகினோம் என்று கட்டுரையாகவே எழுதுகிறார்கள். நல்ல மாற்றம்.

சரி, மேகப் பரப்பு கிடைத்துவிட்டது. அதோடு விட்டுவிடலாமா? முடியாது.

எங்கள் அம்மா கல்யாண வீட்டுச் சமையல்காரர்களைப் பற்றி ஒன்று சொல்வார். ஒரு பானைக் குழம்பில் உப்பே இல்லை, இன்னொரு பானையில் இரண்டு மடங்கு. சமையல்காரனோ இரண்டுக்கும் சேர்த்து அளவாகத்தான் போட்டேன் என்கிறான். கணக்கு சரிதான். ஆனால் சாப்பிட்ட இரண்டு பந்தியும் எழுந்து போய்விட்டது. மேகத்தில் மாடல் செய்யும் தவறு இதேதான். தண்ணீரின் மொத்த அளவு சரியாக இருக்கும். அந்தத் தண்ணீர் எப்படிப் பரவியிருக்கிறது என்பது தொலைந்துபோகும். வெயிலும் மழையும் சராசரியைப் பார்த்து நடந்துகொள்வதில்லை. பரவலைப் பார்த்து நடந்துகொள்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேகம் எவ்வளவு அடர்த்தி என்பதற்கு ஒளியியல் தடிமன் என்று ஓர் அளவு உண்டு. ஒரு கட்டத்தில் பாதி மேகம் மெல்லியது, தடிமன் 2. மீதிப் பாதி கனமானது, தடிமன் 38. மெல்லிய பாதி வெயிலில் 13 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். கனத்த பாதி 74 சதவீதத்தை. இரண்டுக்கும் நடு, 44-க்குக் கொஞ்சம் குறைவு. இப்போது மாடல் செய்வதைப் பாருங்கள். முதலில் தடிமனைச் சராசரி எடுக்கும்: 20. அந்த 20-க்கு எவ்வளவு வெயில் திரும்பும்? 60 சதவீதம். அதே தண்ணீர், அதே மேகம், ஆனால் பதினாறு சதவீத வெயில் காணாமல் போய்விட்டது. ஏற்கனவே வெள்ளையாக இருக்கும் மேகத்தில் இன்னும் தண்ணீர் ஊற்றினால் பெரிதாக வெள்ளையாகாது என்பதுதான் காரணம். வளைவான எந்த விதியிலும் முதலில் சராசரி எடுத்துவிட்டுப் பிறகு விதியைப் போட்டால் விடை பிசகும். என் உதாரணம் கொஞ்சம் முரட்டுத்தனமானது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கரியமில வாயு இரண்டு மடங்கானால் பூமிக்குக் கிடைக்கும் கூடுதல் வெப்பமே சதுர மீட்டருக்கு நாலு வாட்டுக்கும் குறைவுதான். மேகங்கள் எல்லாம் சேர்ந்து பூமியைக் குளிர்விப்பது சுமார் 20 வாட். அந்த 20-ல் சில சதவீதம் பிசகினாலும் வலிக்கும்.

இதற்கு முதலில் வந்த வைத்தியம் நாட்டு வைத்தியம்தான். 1987-ல் கலிபோர்னியாக் கரைக்கு எதிரே சான் நிக்கோலஸ் என்ற தீவில் கருவிகளை வைத்து, கடல் மேல் தாழ்வாகப் போகும் அடுக்கு மேகங்களில் தண்ணீர் எப்படி ஏறி இறங்குகிறது என்று அளந்தார்கள். அந்தத் தரவை வைத்து ராபர்ட் கஹாலன் என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் 1994-ல் ஒரு குறுக்கு வழி சொன்னார்கள்: மேகத்தின் தடிமனை 0.7-ஆல் பெருக்கிவிடு, பிறகு அதைச் சீரான மேகம் என்று நினைத்துக் கணக்குப் போடு, விடை ஏறக்குறைய சரியாக வரும். இரண்டு வருடத்தில் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் இருக்கும் ஐரோப்பிய வானிலை மையத்தின் மாடலில் 0.7 ஏறிவிட்டது. ஒரு தீவுக்கு மேலே போன ஒருவகை மேகத்தின் எண், காங்கோ காட்டு இடிமேகத்துக்கும் வங்கக் கடல் புயலுக்கும் பொதுவாகிவிட்டது. இதைக் கேலி செய்வது சுலபம். 1.0 என்று வைத்திருந்ததைவிட அது பல மடங்கு மேல் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது அடுக்குகள். இரண்டு அடுக்கிலும் தலா 50 சதவீதம் மேகம் என்று மாடல் சொல்கிறது. கீழே நிற்கிற ஆளுக்கு வானம் எவ்வளவு மூடியிருக்கும்? மேல் மேகம் கீழ் மேகத்துக்கு நேர் மேலே உட்கார்ந்தால் 50. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தால் 75. ஒன்று விட்ட இடத்தில் இன்னொன்று என்றால் 100. மூன்றுக்கும் தண்ணீர் ஒன்றுதான். 1979-ல் ஜெலின், ஹாலிங்ஸ்வொர்த் இருவரும் ஒரு நியாயமான ஏற்பாடு சொன்னார்கள்: ஒட்டினாற்போல் இருக்கும் அடுக்குகளில் மேகம் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும், நடுவில் தெளிந்த வானம் வந்தால் ஒன்றுக்கொன்று உறவில்லை. இருபது வருடம் அது ஓடியது. பிறகு தென் இங்கிலாந்தின் சில்போல்ட்டனில் நேர் மேலே பார்க்கும் ரேடாரை வைத்து ஹோகனும் இல்லிங்வொர்த்தும் உண்மையில் எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். 2000-ல் வந்த விடை: உறவு சட்டென்று அறுவதில்லை, உயரத்தோடு படிப்படியாகத் தேய்கிறது. பங்காளி உறவு மாதிரி. பல மாடல்களில் இந்தத் தேய்மானத்துக்கு 2 கிலோமீட்டர் என்று ஓர் எண் போட்டுக்கொண்டார்கள். 2006-ல் கிளவுட்சாட், கலிப்சோ என்ற இரண்டு செயற்கைக்கோள்கள் போன பிறகுதான் உலகம் முழுக்கவும் மேகத்தைக் குறுக்காக வெட்டிப் பார்க்க முடிந்தது.

ஆக, ஒரு கட்டத்துக்குள் பரவல் இருக்கிறது, அடுக்குகளுக்குள் உறவு இருக்கிறது. இதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டுமானால், கட்டத்தை நூறு மெல்லிய தூண்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் மேகத்தைத் தனித்தனியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் வெயில் கணக்குப் போட வேண்டும். அது முடியாத காரியம். வெயிலையும் வெப்பக் கதிரையும் ஏற்கனவே நிறவாரியாகத் துண்டு போட்டுத்தான் கணக்கிடுகிறார்கள். பரவலாகப் பயன்படும் ஒரு நிரலில் வெப்பக் கதிருக்கு 140 துண்டு, வெயிலுக்கு 112 துண்டு. ஒவ்வொரு துண்டையும் நூறு தூணிலும் போட்டால் கணினி வாயைப் பிளந்துவிடும்.

2003-ல் ராபர்ட் பிங்கஸ், ஹோவர்ட் பார்க்கர், ழான்-ழாக் மார்க்ரெட் மூவரும் இதற்கு ஒரு தந்திரம் சொன்னார்கள். நான் இந்தத் துறையில் பார்த்த தந்திரங்களிலேயே அழகானது அதுதான். எல்லாத் துண்டையும் எல்லாத் தூணிலும் போடாதே. ஒவ்வொரு துண்டுக்கும் தாயக்கட்டையை உருட்டி ஒரே ஒரு தூணைக் கொடு. சிவப்பு வெயிலின் ஒரு துண்டு குற்றாலத்து மேகத்தைப் பார்க்கும். அடுத்த துண்டு தூத்துக்குடியின் வெற்று வானத்தைப் பார்க்கும். ஒரு தடவை போட்ட கணக்கில் பிசகு இருக்கும், நிறையவே இருக்கும். ஆனால் அது ஒரு பக்கம் சாய்ந்த பிசகு இல்லை. அடுத்த வேளை வேறு தாயம், வேறு பிசகு. நாளும் மாதமும் போகப் போக ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். 2007-ல் ஐரோப்பிய மையம் இதை எடுத்துக்கொண்டது. 0.7 ஓய்வு பெற்றது.

இந்தத் தாயம் விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும்.

கணினிக்குத் தாயம் உருட்டத் தெரியாது. ஒரு விதை எண்ணைக் கொடுத்தால் அதிலிருந்து பார்ப்பதற்குத் தாறுமாறாக இருக்கும் ஒரு வரிசையை உண்டாக்கும். அதே விதையைக் கொடுத்தால் அதே வரிசை. காலநிலை மாடலில் இது வசதிதான், ஏனென்றால் ஒரு ஓட்டத்தைத் திரும்ப ஓட்டினால் கடைசிப் புள்ளிவரை அதே விடை வர வேண்டும் என்பது எங்களுக்கு வேதவாக்கு. அதனால் விதையை மாடலின் நிலையிலிருந்தே எடுப்பார்கள். தரைக்குப் பக்கத்து நாலு அடுக்குகளின் காற்றழுத்தத்தைப் பார், புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இலக்கங்களை எடு, அதுதான் விதை. அழுத்தம் 1004.3718264 என்றால் 3718264. இடத்துக்கு இடம், வேளைக்கு வேளை மாறிக்கொண்டே இருக்கும் குப்பை இலக்கங்கள். அருமையான யோசனை.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த குழுவில், இந்தப் பகுதியை வேறொரு மாடலுக்குள் பொருத்தும் வேலை எனக்கு வந்தது. ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரல். சின்ன வேலை, ஒரு வாரம் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். பழைய மாடல் அடுக்குகளைத் தரையிலிருந்து மேலே எண்ணியது. புதிய மாடல் உச்சியிலிருந்து கீழே எண்ணியது. நான் கவனிக்கவில்லை. ஆகவே விதை, தரையின் நாலு அடுக்குக்குப் பதிலாக வானத்தின் உச்சி நாலு அடுக்கிலிருந்து வந்தது. இங்கே ஒரு விஷயம். மாடலில் கீழ் அடுக்குகள் மலை மேட்டைத் தழுவி ஏறி இறங்கும். உச்சி அடுக்குகள் அப்படியில்லை, அவற்றின் அழுத்தம் பூமி முழுக்க ஒரே எண். காலையிலும் அதே, ராத்திரியிலும் அதே.

நிரல் எந்தப் புகாரும் சொல்லவில்லை. ஓடியது. படங்களும் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஆனால் சில உயரங்களில் மட்டும் காற்று சூடாவதும் குளிர்வதும் எப்போதும் ஒரே பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருந்தது, மாதக் கணக்கில் ஓட்டியும் தேயவில்லை. மூன்று வாரம் மேக நிரலைச் சந்தேகப்பட்டேன். ஈரப்பத வாசலைச் சந்தேகப்பட்டேன். ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு மேல், வேறு ஒன்றும் தோன்றாமல், ஒவ்வொரு கட்டத்திலும் விழும் முதல் தாயத்தைத் திரையில் அச்சடித்துப் பார்த்தேன். ஒரே எண். திரை முழுக்க, வரிக்கு வரி, ஒரே எண். கிரீன்லாந்துக்கும் காங்கோவுக்கும் தூத்துக்குடிக்கும் சேர்த்து, வேளைக்கு வேளை, மாதக் கணக்கில் ஒரே தாயம் விழுந்துகொண்டிருந்தது. பிசகுகள் ஒன்றையொன்று அடிக்க வேண்டும் என்பதுதான் தந்திரத்தின் உயிர். எல்லோருக்கும் ஒரே பிசகு என்றால் எது எதை அடிக்கும்?

திருத்தம் ஒரே ஒரு வரி. அதை எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன். ஒரு வார வேலைக்கு ஏன் ஒரு மாதம் ஆனது என்று எழுதிக் கொடுத்த விளக்கத்தில் 'அடுக்கு வரிசை' என்று மட்டும் போட்டேன்.

வெயிலை விட்டு மழைக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். மேகத் துளிகள் ஒட்டிக்கொண்டு மழைத்துளியாகும் வேகம், தண்ணீரின் அளவோடு நேராக ஏறுவதில்லை. நிறைய மாடல்களில் இருக்கும் ஒரு சூத்திரத்தில் தண்ணீர் அளவை 2.47 என்ற அடுக்குக்குறிக்கு உயர்த்த வேண்டும், அதாவது வர்க்கத்தைவிட வேகமாக ஏறும். கட்டத்தில் பாதிக்கு 2 பங்கு தண்ணீர், பாதிக்கு 8 பங்கு என்று வையுங்கள். சராசரி 5 என்று வைத்து மழைக் கணக்குப் போட்டால் வருவதைவிட, தனித்தனியாகப் போட்டுக் கூட்டினால் சுமார் 65 சதவீதம் கூடுதலாக வருகிறது. பரவல் தெரியாத மாடலில் மழை குறைகிறதே என்று குமிழைத் திருகி, கொஞ்சம் தண்ணீர் இருந்தாலே துளியாகு என்று விட்டுவிடுவார்கள். மொத்த மழை சரியாகிவிடும். எப்படிப் பெய்கிறது என்பது கெட்டுப்போகும். 2010-ல் கிளவுட்சாட் தரவோடு ஒப்பிட்டுப் பார்த்த கிரேம் ஸ்டீஃபன்ஸும் கூட்டாளிகளும், மாடல்களில் நிஜத்தைப் போல இரண்டு மடங்கு அடிக்கடி மழை பெய்கிறது, ஆனால் ரொம்ப மெல்லிசாக என்று கண்டார்கள். அதாவது மாடல்களுக்கு உலகமே குற்றாலம். எல்லாக் குறையும் இந்த ஒரு காரணத்தால் மட்டும் வந்ததில்லை; இடிமேகக் கணக்குக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

மாடல்களில் இடிமேகத்துக்கு இலக்கணம் எழுதியவர் அகியோ அரகாவா என்ற விஞ்ஞானி. அவரும் வேய்ன் ஷூபர்ட்டும் 1974-ல் எழுதிய முறையில், கட்டத்துக்குள் எல்லா அளவிலும் இடிமேகங்கள் ஒரு பட்டாளமாக இருக்கின்றன. சூழல் எவ்வளவு கொந்தளிப்பை உண்டாக்குகிறதோ அவ்வளவையும் அந்தப் பட்டாளம் உடனுக்குடன் தணித்துவிடுகிறது. சந்தைக் கூட்டம் மாதிரி. ஆயிரம் பேர் வரும் சந்தையில் இன்றைக்கு எத்தனை கிலோ தக்காளி போகும் என்று சராசரியை வைத்துச் சொல்லிவிடலாம். ஆனால் 100 கிலோமீட்டர் கட்டத்துக்குள் உண்மையான பெரிய இடிமேகங்கள் ஒரு வேளைக்கு நாலுதான் என்றால்? நாலு என்ற சராசரியில் இன்றைக்கு இரண்டு வரும், நாளைக்கு ஏழு வரும். இரண்டும் ஏழும் ஒரே மழை இல்லை. சந்தையே போய்ப் பெட்டிக்கடை ஆகிவிட்டது. கணக்கு மட்டும் இன்னும் சந்தைக் கணக்கு.

ஐரோப்பிய மையம் 1998-ல் இதற்குச் செய்த காரியம் அப்போது பலருக்கு அபசாரமாகப் பட்டது. மேகம், மழை, கதிர், கொந்தளிப்பு என்று மாடல் ஊகிக்கும் எல்லாவற்றின் விளைவையும் கூட்டி, 0.5-க்கும் 1.5-க்கும் நடுவில் விழும் ஒரு தாயத்தால் பெருக்கிவிட்டார்கள். அட்சரேகை, தீர்க்கரேகையில் பத்து பாகைச் சதுரத்துக்கு ஒரு தாயம். இயற்பியலில் தாயம் உருட்டுவதா என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில், முன்னறிவிப்புகள் மேம்பட்டன என்பதுதான். ஏறக்குறைய ஒரே சூழலிலிருந்து தொடங்கிய பல ஓட்டங்கள் ஒன்று போலவே போய்ச் சேர்ந்து தவறுவதற்குப் பதிலாக, நியாயமான அளவுக்குப் பிரிந்தன.

அப்புறம் இன்னும் நுட்பமாக வந்ததுதான் குய்தர், பியெல்லோ, மஜ்தா 2010-ல் கொடுத்த முறை. கட்டத்துக்குள் ஒரு சின்னப் பலகை. பலகையில் நிறைய வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் நாலில் ஒன்று: வெறும் வானம், வளரும் மேகம், முழு இடிமேகம், அல்லது இடிமேகம் ஓய்ந்த பிறகு விரிந்து கிடக்கும் தட்டை மேகம். ஒவ்வொரு வேளையும் தாயம் விழும். வீடுகள் நிலை மாறும். காற்று ஈரமாக இருந்தால் வளரும் மேகத்திலிருந்து இடிமேகத்துக்கு ஏணி கிடைப்பது சுலபம், வறண்டிருந்தால் பாம்பு. பூனாவில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிலையத்தின் விஞ்ஞானிகளும் குய்தரின் குழுவும் சேர்ந்து இந்த முறையைப் பருவமழைக்கான மாடலில் பொருத்தி 2017-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சில வாரங்களுக்கு ஒரு தடவை பருவமழை பலமாகி, பிறகு ஓய்கிறதே, அந்த ஊஞ்சலாட்டம் முன்பைவிட நன்றாக வந்தது. எனக்கு இது ஆச்சரியம் தரவில்லை. ஊஞ்சலை ஆட்ட ஏதோ ஒரு கை தள்ள வேண்டும். பழைய மாடலில் மேகங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

தாயம் உருட்டுவது பிடிக்காதவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. ஏற்ற இறக்கத்தின் அளவையே வெப்பநிலை போல ஒரு மாறியாக வைத்து, அது வளர்வதையும் தேய்வதையும் கணக்கிடுவது ஒன்று. ஏட்ரியன் டாம்ப்கின்ஸ் 2002-ல் செய்தது அது. ஒவ்வொரு பெரிய கட்டத்துக்குள்ளும் 64 சிறு தூண்கள் கொண்ட ஒரு குட்டி மேக மாடலையே வைத்து ஓட்டுவது இன்னொன்று. 2001-ல் கைரூத்தினோவும் ராண்டலும் அதைச் செய்து காட்டினார்கள். வேலை செய்கிறது, மின்சார பில்தான் பிரச்சினை.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்று கேட்டால், 1979-க்குப் போக வேண்டும். அந்த ஜூலையில் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில் ஜூல் சார்னி என்ற வானிலை விஞ்ஞானியின் தலைமையில் சிலர் ஐந்து நாள் உட்கார்ந்து பேசினார்கள். அரகாவாவும் அதில் இருந்தார். கரியமில வாயு இரட்டித்தால் பூமி எவ்வளவு சூடாகும்? மனாபே என்ற விஞ்ஞானியின் மாடல்கள் சுமார் 2 டிகிரி என்றன, ஹான்சன் என்ற இன்னொருவரின் மாடல்கள் சுமார் 4 என்றன. இரண்டு பக்கமும் அரை டிகிரி விட்டு 1.5 முதல் 4.5 என்று எழுதினார்கள். 2021-ல் வந்த, ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் அறிக்கையில்தான் அது 2.5 முதல் 4 என்று உருப்படியாகச் சுருங்கியது. அதற்குப் பிற சான்றுகள் உதவின. மாடல்களை மட்டும் கேட்டால் கடைசித் தலைமுறையில் 1.8-லிருந்து 5.6 வரை சொல்கின்றன. இந்த அகலத்துக்குப் பெரும் பொறுப்பு கடல் மேல் தாழ்வாக மிதக்கும் சாதாரண மேகங்கள். இடிக்காது, பெரிதாக மழை தராது, யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

2020 ஜனவரியில் அவற்றை நிமிர்ந்து பார்க்கத்தான் பார்படோஸ் தீவுக்கு நாலு ஆராய்ச்சி விமானங்களும் நாலு கப்பல்களும் போயின. அங்கே மேகங்கள் கூடும் நாலு விதத்துக்குச் சர்க்கரை, சரளை, மீன், பூ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தால் பெயர் சரிதான் என்று தோன்றும்: கடலில் கொட்டிய சர்க்கரை, நீளமாக மீன் எலும்பு. அங்கே போன விஞ்ஞானிகளின் பயம் என்னவென்றால், பூமி சூடானால் மேலிருக்கும் வறண்ட காற்று கீழே கலந்து இந்த மேகங்களை வற்ற வைத்துவிடுமோ என்பது. சில மாடல்கள் அப்படித்தான் சொல்லின. அளந்து பார்த்ததில் அந்தப் பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2022-ல் எழுதினார்கள். ஈரத்தைக் கொண்டுவரும் அதே மேலேற்றம் மேகத்தைப் பிழைக்க வைக்கிறது. அதிக சூட்டைச் சொன்ன சில மாடல்கள் இந்த இடத்தில் தவறு என்று தெரிந்தது. கொஞ்சம் நல்ல செய்தி. கொஞ்சம்தான்.

கட்டத்தைச் சின்னதாக்கினால் போயிற்று, எதற்கு இத்தனை தாயம் என்று கேட்கலாம். ஜப்பானியர்கள் 2000-களிலேயே எர்த் சிமுலேட்டர் என்ற கணினியில் உலகம் முழுவதையும் 3.5 கிலோமீட்டர் கட்டத்தில் ஓட்டிப் பார்த்தார்கள், சில நாட்களுக்கு. நம் நாட்டிலும் 2025 மே மாதம் 6 கிலோமீட்டர் கட்டம் கொண்ட பாரத் முன்னறிவிப்பு மாடல் நடைமுறைக்கு வந்தது. அது வானிலைக்கானது, சில நாட்களுக்கு முன்னால் பார்க்கும். நூறு வருடத்துக்கு அந்தக் கட்டத்தில் ஓட்டுவது வேறு கதை. அப்படியே ஓட்டினாலும் பார்படோஸ் மேகம் ஒன்று சில நூறு மீட்டர்தான் அகலம். சர்க்கரையும் சரளையும் ஆறு கிலோமீட்டர் கட்டத்துக்குள்ளும் சராசரியாகிக் கரைந்துதான் போகும். இடிமேகத்துக்கு விடிவு, குட்டி மேகத்துக்கு இன்னும் தாயம்தான்.

பெரியப்பாவிடம் போனில் இதைச் சொன்னேன். பழைய கட்டத்தில் அவரும் குற்றாலமும் ஒரே வீடு, புதிய மாடலில் நடுவில் பதினைந்து பதினாறு வீடு வருகிறது என்று.

"அப்ப என் அளத்துக்குத் தனிக் கணக்கா?"

வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். ஆறு கிலோமீட்டர் கட்டம் ஒன்றை அவருடைய அளத்தின் மேல் வைத்தால், உள்ளே பாத்திகள், கொஞ்சம் ஊர், மீதி எல்லாம் கடல். கரையில் கொதிக்கும் தரையும் பக்கத்துக் கடல் தண்ணீரும் சேர்ந்து ஒரு எண்.

"உங்க அளமும் கடலும் சேர்ந்து ஒரு கணக்கு பெரியப்பா."

"அது சரிதான்," என்றார். "ஐப்பசிக்கு முன்ன அம்பாரத்துக்கு ஓலை போடணும். அதுக்கு ஆளு சொல்லணும், வச்சிரட்டா?"